பாட்டு நிண்டால்தான் மாமி கதிரையில் இருப்பா

ஒரு பாட்டை நிறுத்தத் தெரியாதவன் என்று என்னை ஒரு கிராமம் முழுக்க அறியும். இதில் மறைக்க ஒன்றுமில்லை. முல்லைத்தீவு பஸ் நிலையத்துக்குக் கிட்ட கொம்பியூட்டர் திருத்தும் கடை வைத்திருக்கிறேன். அந்தக் கிராமத்திலிருந்து பழுதான லப்டொப்பைக் கொண்டு வருபவர்கள் இன்றைக்கும் வாசலில் நின்று ஒருமுறை சிரித்துவிட்டுத்தான் உள்ளே வருகிறார்கள். அதற்குப் பிறகுதான் என்ன பழுது என்று சொல்லுவார்கள்.

முதலில் பழுதைச் சொல்லிவிடுகிறேன், அப்போதுதான் என் மடைத்தனம் வடிவாக விளங்கும். இன்ரநெற்றில் ஒரு பாட்டுக் கேட்கப் போவீர்கள். அந்தப் பக்கத்திலேயே சின்னதாக ஒரு பொத்தான் இருக்கும். அமத்தினால் அங்கேயே பாடும், திரும்ப அமத்தினால் நிற்கும். அதுதான் முறை. ஆனால் கொம்பியூட்டரில் ஏற்கெனவே குடியிருக்கும் பாட்டுப் பிளேயர் அதைப் பொறுக்காது. ‘விலகுங்கோ, பாட்டு எண்டால் நான்தான்’ என்று திரை முழுக்க வந்து நின்று, அதே பாட்டைத் தானும் தொடங்கும். கலியாண வீட்டில் ஒருவரும் கேட்காமல் மைக்கை வாங்கும் சித்தப்பாமாரைப் போல. (எங்கள் குடும்பத்தில் அப்படி ஒருவர் உண்டு. பெயர் சொல்லமாட்டேன், அவர் இதை வாசிப்பார்.)

வைத்தியம் சுலபம். பிளேயரின் செற்றிங்ஸுக்குள் போய், பாட்டு என்று எதைக் கண்டாலும் தானே திறக்கும் என்ற வரிக்குப் பக்கத்தில் இருக்கும் சரி அடையாளத்தை எடுத்துவிடவேண்டும். அவ்வளவுதான். ஆனால் அது லேசில் போகாது. கொஞ்ச நேரம் கழித்து ஒரு சின்னப் பெட்டியில் வந்து, ‘என்னை விலக்கி வைத்திருக்கிறீர்கள் போலிருக்கிறது, திரும்ப வரட்டுமா’ என்று கேட்கும். அப்போது ‘இல்லை’ என்பதை அமத்தவேண்டும். சனம் ‘ஓகே’யைத்தான் அமத்தும், ஏனென்றால் அதுதான் பெரிதாகவும் நீல நிறமாகவும் இருக்கும். ‘வாசிக்காமல் ஓகே அமத்தாதேங்கோ’ என்பது வாற எல்லாருக்கும் நான் சொல்லும் புத்திமதி. அதைக் கடதாசியில் அடித்துக் கடைச் சுவரிலும் ஒட்டியிருந்தேன்.

அந்தக் காலத்தில் நான் கௌசி என்ற பெண்ணைக் கலியாணம் கட்ட ஆசைப்பட்டேன். அவளும் ஆசைப்பட்டாள். இடையில் நின்றவா அவளுடைய தாய், ராசமலர். இப்போது எனக்கு மாமி. நாயாற்றுப் பக்கம் போகிற வீதியில் அவைக்குக் கச்சான், அதாவது நிலக்கடலைத் தோட்டம். தகப்பன் இல்லை. மூன்று ஏக்கரையும் தனியாளாய் நின்று கொத்தி, விதைத்து, பிடுங்கி, கௌசியைப் படிப்பித்தவா. அப்படிப்பட்டவாவுக்கு என் தொழிலைக் கௌசி விளங்கப்படுத்திய விதத்தைக் கேளுங்கள்.

“என்ன வேலை செய்யிறார்?”

“கொம்பியூட்டர் திருத்துறவர் அம்மா.”

“அது பழுதாகாட்டில் அவர் என்ன செய்வார்?”

அந்தக் கேள்வியைக் கௌசி அப்படியே என்னிடம் கொண்டு வந்தாள். கடைசியில் மாமி சொன்ன முடிவு, “பாப்பம்.” ஐந்து மாதமாக அதே “பாப்பம்”தான். தங்கள் வீட்டில் ‘பாப்பம்’ என்றால் ‘இல்லை’ என்றுதான் அர்த்தம் என்பதைக் கௌசி எனக்கு மெதுவாக விளங்கப்படுத்தினாள்.

ஆகவே என் வேலை ஒரு வேலைதான் என்று மாமிக்குக் காட்டவேண்டிய கட்டாயம் எனக்கு. அந்த நேரத்தில்தான் அவையளின் ஊர் மாதர் சங்கம் சித்திரை வருடப்பிறப்புக்கு விளையாட்டுப் போட்டி வைத்தது. தேங்காய் துருவல், கயிறிழுத்தல், கடைசியாகச் சங்கீதக் கதிரை, இசை நாற்காலி என்பார்களே, அது. சங்கீதக் கதிரையில் மாமி தொடர்ந்து நாலு வருடம் முதலாமிடம். இது சும்மா விளையாட்டு என்று நினைக்கவேண்டாம். அந்த ஊரில் மாமியை அறிமுகப்படுத்தும்போது, ‘கச்சான் தோட்டக்கார ராசமலர்’ என்பதற்கு முதல் ‘கதிரை ராசமலர்’ என்றுதான் சொல்லுவார்கள்.

பாட்டுப் போடும் பொறுப்பை நான் கேட்டு வாங்கினேன். வழமையாக நகுலண்ணை என்ற ஒலிபெருக்கிக்காரர்தான் அதைச் செய்வார். பென் ட்ரைவைச் செருகுவார், பாடும். பிடுங்குவார், நிற்கும். அவருடைய தொழில்நுட்பம் அவ்வளவுதான்.

“தம்பி, பென்னில போட்டுத் தரட்டோ?” என்று அவர் அன்றைக்கும் கேட்டார்.

“தேவையில்லை அண்ணை. இப்ப ஆர் பாட்டுச் சேத்து வைக்கிறது? எல்லாம் இன்ரநெற்றில இருக்கு. நேர அங்கயிருந்தே போடுறன்.”

நகுலண்ணை என்னை ஒருமுறை பார்த்தார். பிறகு லப்டொப்பைப் பார்த்தார். “உங்கட விருப்பம்,” என்று சொல்லிவிட்டு அம்பிளிபயர் பெட்டிக்குப் பக்கத்தில் போய் வெற்றிலை போடத் தொடங்கினார். அந்த வெற்றிலையிலேயே எனக்கு விளங்கியிருக்கவேண்டும்.

சங்கீதக் கதிரைக்கு ஒரு வழமை உண்டு. பாட்டுப் போடுபவர் விளையாடுபவர்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் இருக்கவேண்டும். பார்த்தால் ஆளுக்கேற்ற மாதிரி நிறுத்திவிடுவார் என்ற சந்தேகம். என்மேல் அந்தச் சந்தேகம் இரட்டிப்பு, ஏனென்றால் எங்கள் சம்பந்தக் கதை ஊருக்குள் அரைவாசி கசிந்திருந்தது. கௌசி முதலே எச்சரித்திருந்தாள்.

“அம்மா வெல்லட்டும் எண்டு ஒண்டும் செய்து போடாதேங்கோ. உதவி செய்தால் அவாக்குக் கோவம்தான் வரும்.”

“நான் திரும்பியும் பாக்கமாட்டன்,” என்றேன். அந்த வாக்கைக் காப்பாற்றினேன். அன்றைக்கு நான் காப்பாற்றியது அது ஒன்றைத்தான்.

பின்னேரம் நாலு மணி. பாடசாலை மைதானம். முதுகைக் காட்டி உட்கார்ந்தால் முகத்துக்கு நேரே வெயில். லப்டொப் திரையில் என் முகம்தான் தெரிந்ததே தவிர வேறொன்றும் தெரியவில்லை. கழுத்தில் கிடந்த துவாயை எடுத்து, என் தலையையும் லப்டொப்பையும் சேர்த்து மூடிக்கொண்டேன். ஆவி பிடிக்கிற நோயாளி மாதிரி இருந்தேன் என்று பிறகு கௌசி சொன்னாள். அந்த நேரத்தில் நான் ஒரு நிபுணர் மாதிரி இருப்பதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பதினொரு பெண்கள், பத்துக் கதிரைகள். நடுவர் அந்த ஊர்க் கிராம அலுவலர், விதானையார், கையில் விசில். நான் காலமையே பிளேயரின் சரி அடையாளத்தை எடுத்துவிட்டுத்தான் வந்திருந்தேன். ஆகவே எல்லாம் முறைப்படி நடந்தது. ஆட்டம் போட வைக்கும் ஒரு பைலாப் பாட்டு. அமத்தினேன், பாடியது. அமத்தினேன், நின்றது. முதுகுக்குப் பின்னால் ஓட்டம், சிரிப்பு, விசில். ஒரு கதிரை குறையும், ஒரு ஆள் குறையும். துவாய்க்குள் இருந்தபடி மனதுக்குள் என் கலியாணத்துக்கு ஆட்களுக்குச் சொல்லத் தொடங்கிவிட்டேன்.

கடைசியில் இரண்டு பேர், ஒரு கதிரை. மாமியும், முன்பள்ளி ரீச்சரும். ரீச்சர் மாமியை விடப் பதினைந்து வயது இளமை, அதோடு மாதர் சங்கச் செயலாளர். சனம் வடிவாகப் பார்க்கட்டும் என்று விதானையார் அந்தக் கடைசிக் கதிரையை என் மேசைக்குக் கிட்டக் கொண்டுவந்து வைப்பித்தார். “தம்பி, பாட்டைப் போடுங்கோ,” என்றார். சனமும் “பாட்டைப் போடு, பாட்டைப் போடு” என்றது.

அந்த நேரம் பார்த்துத் திரையில் ஒரு சின்னப் பெட்டி வந்து நின்றது. நாலு வரியில் என்னவோ எழுதியிருந்தது. கீழே ஒரு பக்கம் பெரிதாக, நீல நிறத்தில் ஒரு பொத்தான்.

நான் அதை அமத்தினேன். வாசிக்கவில்லை.

பாட்டுத் தொடங்கியது. பின்னால் இரண்டு பேரின் காலடிச் சத்தம். நானும் நேர்மையான ஆளாக, மனதுக்குள் இருபத்தேழு வரை எண்ணிவிட்டு நிறுத்தப் பொத்தானை அமத்தினேன். பாட்டு நின்றது. ஒரு மூச்சு விடுகிற நேரம்தான். பிறகு அதே பாட்டு முதலாவது வரியிலிருந்து திரும்பத் தொடங்கியது. பின்னுக்குப் பதுங்கியிருந்த பிளேயர், நான் கொடுத்த அனுமதியோடு, தன் முறை வந்துவிட்டது என்று முன்னுக்கு வந்துவிட்டது.

முதுகுக்குப் பின்னால் நடந்தது இதுதான். பாட்டு நின்ற அந்த ஒரு மூச்சில் ரீச்சர் கதிரையில் இருந்துவிட்டா. விதானையார் விசில் அடித்துவிட்டார். ஆனால் மாமி நிற்கவில்லை. பாட்டுப் பாடுகிறதே. அவா தன் பாட்டில் கதிரையையும், கதிரையில் இருந்த ரீச்சரையும் சுற்றிக்கொண்டிருந்தா.

“ராசமலரக்கா, முடிஞ்சுது. நான் இருந்திட்டன்,” என்றா ரீச்சர்.

“பாட்டு நிண்டால்தான் பிள்ளை இருக்கலாம். அது இன்னும் பாட்டுப் படிக்குதெல்லோ,” என்று சொல்லிக்கொண்டே மாமி அடுத்த சுற்றுக்குப் போனா.

எனக்குள் இருந்த நிபுணர் அந்த நிமிடத்தோடு கழன்று போனார். பிளேயர் திரை முழுக்கப் பரந்து நின்றது, அதை மூடும் அடையாளம் அந்தப் பதற்றத்தில் எங்கேயென்று தெரியவில்லை. கைக்கு எட்டிய இடமெல்லாம் அமத்தினேன். பாட்டின் பெயரில் ஐந்து தரம் அமத்திவிட்டேன். பிளேயர் அதை ஐந்து பாட்டு என்று எடுத்துக்கொண்டு வரிசையில் வைத்தது. ஒன்றைத் தேடிப் பிடித்து நிறுத்தினால் அடுத்தது தொடங்கியது. இதற்கிடையில் இன்ரநெற் பக்கமும் தன் பங்குக்குத் திரும்பப் பாடத் தொடங்க, ஒரே பாட்டு அரை வரி இடைவெளியில் இரண்டு குரலில் மைதானம் முழுக்கக் கேட்டது.

கரண்ட் வயரைப் பிடுங்கினேன். நிற்கவில்லை. லப்டொப்பில் பட்டரி இருக்கிறது. (கரண்ட் போனாலும் மூன்று மணித்தியாலம் நிற்கும் என்று அன்று காலமை நகுலண்ணைக்குப் புழுகியவன் நான்தான்.)

“அண்ணை, நிப்பாட்டுங்கோ,” என்று அவரைப் பார்த்துக் கத்தினேன்.

“எதையப்பு?” என்றார் நகுலண்ணை. வெற்றிலை வாய் நிறைய இருந்ததால் அவருக்கு அதற்கு மேல் பேச ஏலவில்லை.

ஒலிபெருக்கிக்குப் போகும் வயரை லப்டொப்பிலிருந்து இழுத்துக் கழற்றினேன். மைதானம் அமைதியாகியது. அப்பாடா என்று மூச்சு விட்டேன். அந்த அமைதிக்குள், கிணற்றுக்குள் விழுந்த வானொலிப் பெட்டி மாதிரி, லப்டொப் தன் சொந்தச் சின்னக் குரலில் பாடிக்கொண்டிருந்தது.

மாமிக்குக் காது கூர்மை. கச்சான் தோட்டத்துக்குள் பன்றி வருவதைப் படுக்கையில் கிடந்தே கண்டுபிடிப்பவா. சுற்றுவதை நிறுத்தாமலே கேட்டா, “விதானையார், அது படிக்குதோ இல்லையோ?”

விதானையார் அரசாங்க உத்தியோகத்தர். பொய் சொல்லமாட்டார். என் மேசைக்கு வந்து, என் துவாயை விலக்கி, லப்டொப்பில் காதை வைத்தார். இருநூறு முந்நூறு சனம் எட்டி எட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அவர் நிமிர்ந்து தீர்ப்பைச் சொன்னார்.

“ஓம். படிக்குது.”

மாமி சுற்றினா.

“எனக்கு ஒண்டும் கேக்கேல்லையே,” என்று ரீச்சர் கதிரையிலிருந்து எழும்பி, தானும் கேட்டுப்பார்க்க என் மேசைக்கு வந்தா. அவாவும் குனிந்து காதை வைத்தா. அந்த நேரத்தில்தான் என் மூளைக்கு ஒரு வழி தென்பட்டது. எத்தனையோ பேருக்கு நானே சொல்லிக் கொடுத்தது. மூடியை மூடினால் லப்டொப் நித்திரைக்குப் போய்விடும். அவாவின் தலை விலகினதும் டப்பென்று மூடினேன்.

பாட்டு நின்றது. மாமி கதிரையில் இருந்தா.

நான் முதல்முறையாகத் திரும்பிப் பார்த்தேன். மாமி முழங்காலில் இரண்டு கையையும் வைத்து, மேல்மூச்சு வாங்க, நிமிர்ந்து இருந்தா. முகத்தில் வெற்றி ஒன்றும் இல்லை, முறைப்படி ஒரு வேலையை முடித்த களைப்புத்தான் இருந்தது. ரீச்சர் என் மேசையடியில் குனிந்தபடி நின்றா. விதானையார் விசிலை வாய்க்குக் கொண்டு போய்விட்டு, அடிப்பதா விடுவதா என்று தெரியாமல் வைத்திருந்தார்.

சனத்துக்குள்ளிருந்து ஆரோ ஒருவர் சொன்னார், “மருமகன் மாமிக்குச் செய்த உபகாரம்.”

அதுவரை ‘மருமகன்’ என்ற சொல்லை அந்த ஊரில் ஒருவரும் வெளியில் சொன்னதில்லை. எல்லாருக்கும் தெரியும், ஆனால் சொன்னதில்லை. சோடாப் போத்தல் தட்டோடு நின்ற கௌசி தட்டைக் கீழே வைத்துவிட்டாள். அவளுக்கும் எனக்கும் ஒரே நேரத்தில் விளங்கியது, ஐந்து மாதப் ‘பாப்பம்’ இந்த இடத்தில் முடியப்போகிறது. இதைப் பகிடியாகச் சொல்லத் தெரியவில்லை.

ரீச்சர் நேரே போய் மைக்கை எடுத்தா. மரியாதையாகத்தான் கேட்டா.

“ராசமலரக்கா, குறை நினையாதேங்கோ. சங்கத்திலை நாளைக்கு ஒரு கதை வரக்கூடாது. அவர் உங்கட மருமகனோ இல்லையோ? அதை மட்டும் சொல்லுங்கோ.”

மாமியின் நிலைமையை யோசித்துப் பாருங்கள். ‘இல்லை’ என்றால் களவுப் பழி போகும், கதிரைப் பட்டம் ஐந்தாவது வருடமும் அவாவுக்கு. ஆனால் இருநூறு பேருக்கு முன்னால் மைக்கில் சொன்ன ‘இல்லை’யைப் பிறகு ஆராலும் திருப்பி எடுக்க ஏலாது. ‘ஓம்’ என்றால் நாலு வருடப் பெயரும் அந்த இடத்திலேயே கெட்டுவிடும். மாமி கௌசியைப் பார்த்தா. பிறகு என்னைப் பார்த்தா. துவாய் இன்னும் என் ஒரு தோளில் தொங்கிக்கொண்டிருந்தது, கையில் பிடுங்கிய வயர் இரண்டும் இருந்தன.

மைக்கைக் கேட்டு வாங்கினா.

“ஓம். மருமகன்தான். ஆனால் பிள்ளையள், களவு செய்யிறதுக்கு ஒரு கெட்டித்தனம் வேணும். அது அவரிட்டக் காணாது. ஒரு பாட்டை நிப்பாட்டத் தெரியேல்லை, பாத்தனீங்கள்தானே.”

சனம் சிரிக்கத் தொடங்கி, அது அடங்கக் கன நேரம் எடுத்தது. ரீச்சரும் சிரித்தா. நகுலண்ணைக்கு வெற்றிலை புரைக்கேறியது. ஒரு மனிதனுக்குப் பெண் கொடுக்கச் சம்மதம் இப்படியும் வரும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. கௌசி அழுதாளா சிரித்தாளா என்று கேட்டால் இன்றுவரை மாறி மாறித்தான் சொல்கிறாள்.

ஆனால் விதானையார் நீதி தவறாதவர். திரும்ப ஓடவேண்டும் என்றார். இந்த முறை பாட்டு வேண்டாம், நகுலண்ணை தகரப் பேணியில் தட்டட்டும் என்றார். அவர் வெற்றிலையைத் துப்பிவிட்டுத் தட்டினார். நிறுத்தினார். நின்றது. ரீச்சர்தான் கதிரையில் இருந்தா. என் புண்ணியத்தில் தனியாகப் பதினாலு சுற்றுச் சுற்றியிருந்த மாமிக்குக் கால் வரவில்லை. முதற்பரிசு கை வைத்த பிளாஸ்டிக் கதிரை, அது ரீச்சரின் முன்பள்ளிக்குப் போனது. இரண்டாம் பரிசு ஒரு வாளி. அதை மாமி என் கையில் தந்து, “கொண்டு வாங்கோ,” என்று சொல்லிவிட்டு முன்னால் நடந்தா. நான் வாளிக்குள் லப்டொப்பை வைத்துக்கொண்டு பின்னால் போனேன். அந்த வீட்டுக்குள் நான் முதல்முறை போனது அப்படித்தான்.

கலியாணத்துக்கு மேளக்காரரைப் பேசப் போனபோது மாமியும் கூட வந்தா. நாதஸ்வரக்காரரிடம் அவா கேட்டது ஒரே ஒரு கேள்விதான். “நீங்கள் நிப்பாட்டச் சொன்னால் நிப்பாட்டுவியளோ?” கலியாணத்தன்று என் சித்தப்பா ஒருவரும் கேட்காமல் மைக்கை வாங்கிப் பாடத் தொடங்கினார். மாமி என் பக்கம் குனிந்து, “இவரையும் உங்களுக்கு நிப்பாட்டத் தெரியாதோ?” என்றா. தெரியாது என்றேன்.

அந்தப் பிளேயரை அடுத்த நாளே லப்டொப்பிலிருந்து அடியோடு எடுத்துவிட்டேன். கடைச் சுவரிலிருந்த கடதாசியையும் எடுத்துவிட்டேன். வாசிக்காமல் ஓகே அமத்தியதால்தான் எனக்குக் கலியாணம் நடந்தது, அதைச் செய்யாதேங்கோ என்று ஊருக்குப் புத்தி சொல்ல எனக்கு என்ன உரிமை?

மாமிக்கு இப்போது முழங்கால் வருத்தம். சங்கீதக் கதிரைக்குப் போவதில்லை. மாதம் ஒருக்கால் முல்லைத்தீவு ஆஸ்பத்திரிக்கு மருந்தெடுக்க வந்துவிட்டு எங்கள் வீட்டுக்கு வருவா. போன கிழமையும் வந்தா. கௌசி கதிரையை இழுத்துப் போட்டாள். நான் போனில் என்னவோ பார்த்துக்கொண்டிருந்தேன், அதில் ஒரு விளம்பரம் பாடிக்கொண்டிருந்தது. மாமி கதிரைக்குப் பக்கத்தில் ஒரு கையை ஊன்றிக்கொண்டு நின்றா, இருக்கவில்லை.

“இருங்கோ மாமி,” என்றேன்.

“அது நிக்கட்டும் தம்பி.”

நான் அவசரமாக நிறுத்தினேன். மாமி உடனே இருக்கவில்லை. தலையைக் கொஞ்சம் சரித்து, திரும்பத் தொடங்குதோ என்று ஒரு மூச்சு நேரம் கேட்டுக்கொண்டு நின்றா. பிறகுதான் இருந்தா.